ஐந்தாம் கூண்டிலிருந்து வந்த எலி

1
இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவிடமிருந்து பிடுங்கியது. ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிப்பது அவள் வேலை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். கதை மாட்டிவிட்டது என்று தெரிந்ததும் ஒரே தட்டை மூன்று முறை துடைத்தேன்.

முதல் தொடக்கம்: கண்ணுக்குத் தெரியாத யுத்தம் ஒன்று கூண்டுகளுக்குள்—

(வேண்டாம். யுத்தமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மருந்து கிருமிகளைக் கொல்கிறது. தப்பிக்கும் வாகுள்ள ஒன்றிரண்டு மிஞ்சி, காலியான இடத்தில் பெருகுகின்றன. அவ்வளவுதான்.)

2
ஐந்தாம் கூண்டு எலிகளுக்கு நோயும் கொடுத்து மருந்தும் கொடுத்தார்கள். ஆறாம் கூண்டுக்கு நோய் மட்டும். மருந்து கொடுத்தும் ஐந்தாம் கூண்டில் ஒன்றே ஒன்று மிஞ்சி, மூலையில் நடுங்கியது. அன்று காலை ஆறிலும் ஒன்று செத்திருந்தது. தனியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா அந்த எலியை ஆறில் விட்டாள், யாருக்கும் தெரியாமலிருக்க, வாலில் இருந்த மைக்குறியை மாற்றினாள், செத்ததை ஐந்தின் பெயரில் நோட்டில் எழுதினாள்.*

* எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். கிருமிக்கு வேறு வண்டி வேண்டியதில்லை.

பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்பார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

3
மருந்தையே காணாத ஆறாம் கூண்டின் கிருமிகள், சோதித்தபோது மருந்துக்கு அசையவில்லை. ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து படாமலே எதிர்ப்பு! கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். (அவரை வில்லியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அக்காவுக்கு வேலை கொடுத்தவரே அவர்தான்.)

"சொன்னா வேலை போயிடும்டா."

"சொல்லலைன்னா?"

"நான் செஞ்ச தப்பை அவங்க கண்டுபிடிப்புன்னு ஊருக்கே சொல்லுவாங்க. அதை நம்பி யாராவது வைத்தியம் பாப்பாங்க."

4
முடிவு அ: அக்கா வாயே திறக்கவில்லை.
முடிவு ஆ: டாக்டரம்மாவே கண்டுபிடித்துவிடுகிறார்.

இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"நானே போய் சொல்ற மாதிரி ஏன்டா எழுதலை?"

"யாரும் நம்பமாட்டாங்கக்கா."

முறைத்தாள். காகிதங்களை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அவங்ககிட்ட நான் சொல்ற வரைக்கும் இது யார் கைக்கும் போகக்கூடாது."

மூன்று நாள் அந்தப் பை அவள் தோளைவிட்டு இறங்கவில்லை. நேற்று மாலை காகிதங்களை என் மேசைமேல் போட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள்.

டாக்டரம்மா என்ன சொன்னார், வேலை இருக்கிறதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டிய முடிவு கிடைத்துவிட்டது. கதை உங்கள் கைக்கு வந்துவிட்டதே.