வேதசாட்சியின் வெறுங்குழி

குழியில் ஒன்றுமில்லை. மறுபடி தோண்டியதில் மட்கிய பலகைத் துண்டு ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்து வேதத்தை விட்டதற்கு அடையாளமாகக் குருசை மிதிக்கச் சொன்னபோது மறுத்த லுவானின் தலையை ராஜாவின் ஆட்கள் வெட்டிய பிறகு, அவரை அங்கேதான் புதைத்தார்கள். இப்போது வேதத்துக்குத் தடையில்லை. வேதசாட்சியின் எலும்புகளைக் கோயில் பீடத்துக்கடியில் வைக்கும்படி சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் சொல்லிவிட்டார். வின் சாமியார் பட்டு விரித்த பேழையோடு வந்து நின்றார்.

"சாமி, எங்க அண்ணன் உடம்போட மோட்சத்துக்குப் போயிட்டார்" என்று ஊர்த்தலைவர் தாக் முழங்காலிட்டார்.

முழங்காலிடுவதில் தாக் வேகமானவர். அன்றைக்குக் குருசைத் தரையில் போட்டபோது, ஊரில் முதலில் மிதித்ததும் அவர்தான்.

லுவானின் மனைவி மியென் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றாள்.

"அண்ணி, அண்ணனோட விசுவாசத்தைப் பத்திச் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அடுப்படியில காலை நீட்டாதீங்கன்னு ஆயுசுபூரா சொன்னேன். நகர்த்தினதே இல்ல. நான் சொல்லி அசையாத கால், ராஜா சொன்னா அசைஞ்சிருமா?"

சாமியார் இருமினார். இருமல் அல்ல என்று எங்கள் ஊரில் இன்னும் பேச்சு.

சாயங்காலம் தாக் அவள் வீட்டுக்கு வந்தார். வெறுங்குழிக்குத் திருவிழா எடுப்பதென்று, அதில் பட்டுக்குடை பிடிப்பது யார் என்பதுவரை முடிவாகியிருந்தது. தாக்தான்.

"குடை இருக்கட்டும் கொழுந்தனாரே. நாளைக்குச் சாமி என்னை விசாரிப்பாராம். குருசுல கை வச்சுச் சொல்லணுமாம்."

"பறந்து போனதைப் பார்த்தேன்னு சொல்லுங்களேன்."

"அவரா? வரப்புல நடந்தாலே மூச்சு வாங்கும். கட்டிலுக்கடியில குனிஞ்சு பாரும்."

தாக் குனிந்தார். சுட்ட மண்ணில் செய்த எலும்புப் பெட்டி இருந்தது.

"மூணு வருஷம் ஆனா எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே? தோண்டி எடுத்து, வாசனைத் தண்ணியில கழுவி வச்சேன். பயந்துக்கிட்டு ஒருத்தரும் உதவிக்கு வரல. நீரும் வரல."

"திரும்பப் புதைச்சிருக்கலாமே, அண்ணி?"

"எனக்கு வெட்டுற குழியிலதான் அவரும். உங்ககிட்ட கொடுத்தா விரல் ஒரு ஊருக்கு, பல்லு ஒரு ஊருக்குன்னு பிரிச்சு அனுப்புவீங்க. மிச்சம் பீடத்துக்கடியில. அங்க என்னையும் படுக்க விடுவீங்களா?"

தாக் எழுந்து கதவைச் சாத்தினார். "அக்கம்பக்கத்து ஊரெல்லாம் கும்பிடக் கிளம்பிருச்சு. இப்பப் போய் எலும்பு இருக்குன்னா என் மூஞ்சியை எங்க வச்சுக்குவேன்?"

"குருசை மிதிச்சிட்டு எங்க வச்சிருந்தீரோ, அங்கயே வையும்."

"அண்ணி, உங்க காலைப் பிடிக்கிறேன்."

"காலெல்லாம் வேண்டாம். எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால சாமி என்னைக் கேக்காம நீர் பார்த்துக்கும். காய்ச்சல், நாக்கு குழறுதுன்னு எதையாவது சொல்லும், உமக்குத்தான் நல்லா வருமே. நான் செத்தா இந்தப் பெட்டியை நீரே சுமந்து வந்து என் பக்கத்துல வைக்கணும். வேற ஆள் தொடக்கூடாது. இல்லேன்னா என் மக லான் எல்லாத்தையும் சாமிகிட்ட சொல்லிருவா."

தாக் ஒத்துக்கொண்டார். மியெனுக்குக் காய்ச்சல் என்று அவரே போய்ச் சொன்னார். குடையும் பிடித்தார். வெறுங்குழியைக் கும்பிட வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மியென் இறந்துபோனாள். சவப்பெட்டி முன்னால் போய்விட்டது. பின்னால் தாக், துணி சுற்றிய பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"அதென்ன தலைவரே, அவ்வளவு கனம்?" என்றார் சாமியார்.

"அண்ணியோட வெத்தலைப் பெட்டி, சாமி."

கல்லறைக்குப் போகிற வரப்பு ஒற்றையடி அகலம். அதன் குறுக்கே லான் ஒரு மரக்குருசைக் கிடத்தினாள்.

"என்னம்மா இது?"

"அம்மா போடச் சொன்னாங்க, சித்தப்பா. உங்களுக்குப் பழக்கம்தானேன்னாங்க."

ஊரே அவர் காலைப் பார்த்தது. தாக் கொஞ்சம் நின்றார். பிறகு பெட்டியை இறுக்கிக்கொண்டு வயலில் இறங்கி, தொடைவரை சேற்றில் புதைந்து புதைந்து சுற்றிப் போனார்.

"காலுக்கு இப்பதான் கண்ணு தெரியுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அண்ணன் சேற்றில் விழுந்துவிடுவார்.