பஞ்சுப் பனி

பேசினில் கொட்டியிருந்த ஐஸ் கட்டிகளுக்குள் கையை வைத்ததும் கைரியா வீறிட்டு அழுதாள். அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். வெளியே கண்டியின் ஐப்பசி மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே, நாலு வயதுப் பிள்ளைகள் கால் சொக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு கனடாவில் நடுங்கவேண்டும் என்பது அந்தப் பாலர் பள்ளியை நடத்தும் லீலாதேவியின் உத்தரவு.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பனி வழித்துக்கொண்டிருந்தார்கள். விசா வருவதற்குள் பிள்ளை பனியைப் பழகிவிட வேண்டும் என்று தாய்மார் நச்சரித்தார்கள். பிள்ளையின் வாயில் சோறு தீத்தத் தெரியாதவர்கள்கூடப் பனிமனிதனைப் பற்றி அவளுக்கு வகுப்பெடுத்தார்கள். ஆகவே இந்த வருடக் கலைவிழாவுக்குப் பனிக்காலம் என்று அவள் முடிவு செய்தாள். உழைத்தது என்னவோ தயாபரி.

தயாபரி அந்த வருடம்தான் வடக்கே வவுனியாப் பக்கத்திலிருந்து டீச்சராக வந்தவள். மஹய்யாவையில், பள்ளியில் கூட்டித் துடைக்கும் பாலம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, வடக்கிலிருந்து வருகிற எல்லோரையும் போலப் பொலிஸில் பதிந்துகொண்டு இருந்தாள். சிங்களம் ஒரு சொல் வராது. பனியைக் கண்ணால் கண்டவளுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பனிமனிதன் படம் கீறி, கொடி கட்டி, உடுப்புக் கிளிப்பால் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். மேலே ஒட்டப் பஞ்சு மட்டும்தான் தேவை. போதாக்குறைக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு லீலாதேவியின் பிறீசரில் உறையவும் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் உப்புத் தூவி, இளஞ்சூட்டு நீர் விட்டு, பொம்மையை வெளியே எடுக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

"பஞ்சைச் சில்லறையா வாங்காதையும், மொத்தமா வாங்கினா மலிவு," என்று சொல்லி லீலாதேவி அவளைப் பள்ளி விட்டதும் டவுனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை பாலம்மா நனைந்தபடி ஓடிவந்தாள்.

"அம்மா, டீச்சர புடிச்சிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வச்சு. பெட்டி நெறைய ஆஸ்பத்திரிப் பஞ்சு. வடக்குக்கு, புலிக்கு அனுப்புறதுக்குன்னு சொல்றாங்களாம்."

ஊரின் பெரிய புத்த கோயிலான தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்த வருடம் அது. வடக்கே பஞ்சும் மருந்தும் போக ஆயிரம் தடை என்பது ஊருக்கே தெரியும், லீலாதேவிக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாளா என்றால் இல்லை, அந்த நேரத்தில் அவள் மண்டைக்குள் விலை மட்டும்தான் இருந்தது. இப்போது விலை போய் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எண்பத்து மூன்று கலவரத்தில் அவளுடைய முதல் பள்ளியின் குட்டிக் கதிரைகளை ரோட்டில் குவித்துக் கொளுத்தினார்கள். மரக் கதிரைகள், சிவப்பும் மஞ்சளுமாய் அவளே பெயின்ட் அடித்தவை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது.

"கொடியில கிடக்கிற படமெல்லாத்தையும் கழட்டு," என்றாள்.

"எதுக்கும்மா?"

"கழட்டு எண்டால் கழட்டு."

பாலம்மா கழற்றினாள். லீலாதேவி படங்களைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் செருகினாள். பேசினைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளைகளின் கைகளிலிருந்து சொக்ஸைத் தானே உருவினாள்.

ஜீப் வந்தது. பொலிஸ் அதிகாரி வயதில் இளையவர், மரியாதை தெரிந்தவர், சப்பாத்தை வாசலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்னால் தயாபரி. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. லீலாதேவியைக் கண்டதும் அவள் முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"பஞ்சு உங்கள் பள்ளிக்கு என்று இந்தப் பெண் சொல்கிறாள் போலிருக்கிறது. நீங்கள்தான் அனுப்பினீர்களா? ஆமென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்," என்றார் அவர் சிங்களத்தில்.

முப்பது வருடக் கண்டி வாழ்க்கை லீலாதேவிக்குத் தந்த சிங்களம் பிசிறில்லாதது. இங்கே படிப்பிக்கிறவள்தான், ஆனால் பஞ்சு விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது, வெளியே போய் என்ன செய்கிறாள் என்று யாருக்குத் தெரியும் என்றாள்.

"மிஸ், அந்தப் படங்களைக் காட்டுங்கோ. கண்டால் அவருக்கு விளங்கும்," என்றாள் தயாபரி.

"அவர் பார்க்கத் தேவையில்லையாம்."

கைரியா ஓடிவந்து தயாபரியின் பாவாடையைப் பிடித்தாள். "டீச்சர், பனி செய்யப் பஞ்சு கொண்டாந்தீங்களா?"

அதிகாரி குனிந்தார். பிள்ளை என்ன கேட்கிறது என்று லீலாதேவியிடம் விசாரித்தார்.

டீச்சருக்குக் காய்ச்சலா என்று கேட்கிறது என்றாள் லீலாதேவி. அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"என்ன மிஸ் சொல்லுறார்?"

"எல்லாம் சொல்லிப்போட்டன். ஸ்டேசனில ஒரு கையெழுத்து வைச்சால் விட்டிடுவினமாம். போயிட்டு வாரும்."

தயாபரி இரண்டு கையையும் கூப்பினாள். ஜீப்பில் ஏறியபின்னும் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பொம்மையை எடுத்துப்போடாதேங்கோ மிஸ். நான் வந்து பிள்ளையளோட சேர்ந்து எடுக்கிறன்."

அந்த வருடம் கலைவிழாவில் பிள்ளைகள் பட்டாம்பூச்சியாக ஆடினார்கள். தாய்மார் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார்கள், அவ்வளவுதான்.

தை மாதம் பள்ளி திறந்த கிழமை ஒரு மனிதர் வந்தார். தயாபரியின் தகப்பன் விமலநாதன். கதிரையின் நுனியில் இருந்தார். வடக்கை விட்டு வெளியே வரப் பாஸ் எடுத்து, ஏறி இறங்கி, மகளை மறியல் சிறையில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வலது கையைத் தூக்க மாட்டாளாம், மிஸ். என்னெண்டு கேட்டன், சொல்லேல்லை. ஆனால் உங்களைப் பற்றித்தான் ஒரே கதை. எனக்காக மிஸ் ஒராள்தான் கதைச்சவ எண்டு. இன்னொருக்கா நீங்கள் வந்து கதைச்சால் விட்டிடுவினம் எண்டு லோயர் சொல்லுறார். வருவியளோ?"

உள்ளே துடைத்துக்கொண்டிருந்த பாலம்மாவின் கை நின்றது.

"வெயிலுக்குள்ள வந்திருக்கிறியள். முதல்ல ஏதாவது குடியுங்கோ," என்று லீலாதேவி எழுந்தாள்.

"தண்ணி காணும், மிஸ். வேறொண்டும் வேண்டாம்."

அவள் பிறீசரைத் திறந்தாள். கிண்ணம் இருந்தது. கலங்கிய ஐஸுக்குள் பொம்மை ஒரு கையைத் தூக்கியபடி நின்றது. அந்த ஐஸ் எப்போது உருகும் என்று கைரியா இன்றைக்குக் காலையும் கேட்டிருந்தாள்.

"சும்மா தண்ணி காணும், மிஸ்," என்றார் அவர் மறுபடியும். "கரைச்சல் படாதேங்கோ."

லீலாதேவி கிண்ணத்தைப் பின்னுக்கு, இறைச்சிப் பொட்டலத்துக்கு அப்பால் தள்ளிவிட்டு, முன்னாலிருந்த ஐஸ் தட்டை எடுத்து, அவருடைய கிளாஸுக்குள் கட்டி கட்டியாக உடைத்துப் போட்டாள்.