பன்னிரண்டாவது பேட்டை

பெரு நாட்டின் லிமா நகரத்துப் பேட்டைகளைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறோம், இங்கேயே பிறந்தவர் எழுதினால் நன்றாக இருக்கும் என்று பதிப்பகத்தார் கேட்டபோது யோவானா உடனே ஒத்துக்கொண்டாள். மூன்று மாதம் செருப்புத் தேய நடந்தாள். ரிமாக்கில் விழக் காத்திருந்த மரப் பால்கனிகளைப் படமெடுத்தாள். பணக்காரப் பேட்டையான மிராஃப்ளோரெஸின் கடலோரப் பூங்காவில் காவலாளி இரண்டு முறை வழிமறித்து, எந்த வீட்டில் வேலை செய்கிறாய் என்று விசாரித்தான்.

பதினொரு பேட்டைகள் முடிந்தன. பன்னிரண்டாவதாக, யாரும் கேட்காமலே, தான் பிறந்த சால்வியா குன்றைப் பற்றி எழுதினாள். முந்நூற்றுச் சொச்சம் மஞ்சள் படிகள், தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் பீப்பாய்கள், படி முடிகிற இடத்தில் யூஃபேமியா அக்காவின் கோழி சூப்புக் கடை. பதிப்பாசிரியர் கொன்சாலோ படித்துவிட்டு, "புத்தகத்துக்கு உயிரே இதுலதாங்க இருக்கு" என்றார்.

யூஃபேமியாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். "வெளிநாட்டுக்காரங்களுக்குக் காரம் ஒத்துக்குமாடி? மிளகாயைத் தனியா வச்சிரவா?" என்று தினமும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

லிமாவின் ஜூன் மாதக் குளிர்காலப் பனிமூட்டத்தில் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் நாலே வரி. 'சால்வியா குன்று: கீழே நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் வண்ண வீடுகள் அழகாகத் தெரியும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறாதீர்கள்.' அதற்குக் கீழே யோவானாவின் பெயர்.

யோவானா கொன்சாலோவுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"பாதுகாப்பு விஷயங்க. நாளைக்கு எவனோட கேமராவாவது போச்சுன்னா எங்க தலைதான் உருளும்."

"என் கேமரா மிராஃப்ளோரெஸ்லதான் போச்சு."

"அதையெல்லாம் எழுத முடியுமா? மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த புத்தகம் அரெகிபா நகரம். வர்றீங்களா, வேற ஆள் பாக்கட்டுமா?"

போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "வர்றேன்" என்றாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் கடை முன்னால் யூஃபேமியா கை நீட்டினாள். "புத்தகம் வந்துருச்சாமே?"

"நானே படிக்கிறேன் அக்கா" என்று சொல்லி, தான் முதலில் எழுதியதை மனப்பாடமாக ஒப்பித்தாள் யோவானா. யூஃபேமியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொண்டா, என் பேரு எங்க இருக்குன்னு பாக்கறேன்."

அக்காவுக்குப் படிக்கத் தெரியும். பதற்றத்தில் யோவானா அதை மறந்திருந்தாள். யூஃபேமியா வரிக்கு வரி விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். "மேலே ஏறாதீர்கள்."

சூப்புக் குடித்துக்கொண்டிருந்த மூட்டை தூக்குகிறவர் சிரித்துவிட்டார். "என் முட்டியும் தினம் இதைத்தான் சொல்லுது."

யூஃபேமியா சிரிக்கவில்லை. "உன் பேருதானே போட்டிருக்கு?"

"அது நான் எழுதினதில்ல அக்கா. சண்டை போட்டேன்."

"போட்டு?"

யோவானாவின் பார்வை தரைக்குப் போனது. "அடுத்த வேலை குடுத்திருக்காங்க. அரெகிபாவுல."

யூஃபேமியா புத்தகத்தை மூடி, ஈரக் கை படாமல் இடுப்பில் கட்டியிருந்த துணியால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அங்கயும் குன்று இருக்கும். நல்லா எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சூப்பு ஊற்றத் திரும்பினாள்.

திங்கட்கிழமை யோவானா அரெகிபாவுக்குப் பஸ் ஏறினாள்.