ஓபலுக்காகப் போட்ட ஏசி

வெண்டலின் கார் எந்தக் கம்பெனியும் செய்த கார் அல்ல. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வைத்து, பாலைவன ஊரான யூமாவில் தன் கராஜிலேயே ஆறு வருடமாக அவனே பொருத்திச் செய்தது. தாழ்ந்த கூரை, நீல ஃபைபர் உடம்பு, பழைய லாரியிலிருந்து கழற்றிய பெரிய எஞ்சின். தெருவில் எல்லோரும் அதில் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டோம், அவன் மனைவி ஓபலைத் தவிர. அவளுக்கு நரம்பு நோய். உடம்பு சூடேறினால் கால் துவண்டுவிடும், கண் மங்கும். கதவில் கண்ணாடிகூட இல்லாத அந்தக் காரில் கோடையில் ஏறுவது அவளுக்கு அடுப்பில் ஏறுகிற மாதிரி.

அந்த ஜூனில், மலை தாண்டி இருக்கும் சான் டியேகோவில் அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்கத் தன் காரில்தான் ஓபலைக் கூட்டிப்போவேன் என்று வெண்டல் பிடிவாதமாக நின்றான். நான் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கிறவன், அவனுக்கு முப்பது வருட நண்பன். என்னிடம்தான் வந்தான்.

"ஏசி போடணும்டா ராய்ஸ்."

"அந்தக் கூட்டுக்குள்ள எங்கடா இடம்? பாதியை உன் தொப்பையே அடைச்சுக்குது."

"தொப்பை குறைய வருஷமாகும். ஏசி நாலு வாரத்துல ஆயிடும்."

நாலு வாரம் ஆறு வாரமானது. கம்ப்ரசரைத் தாங்கும் இரும்புப் பட்டையை மூன்று தடவை வெட்டினோம். குளிர்காற்றுப் பெட்டியை ஓபல் உட்காரும் பக்கம் முழங்காலுக்கு மேலே ஒளித்து வைத்தோம். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் தகட்டில் ஹோஸ் நுழையத் துளை போட்டது நான். ஒரு துளை இடம் தப்பிவிட்டது. பக்கத்தில் இன்னொன்று போட்டுவிட்டு, தப்பிய துளையின் மேல் அலுமினிய டேப்பை ஒட்டினேன்.

"இப்போதைக்கு இது போதும். அப்புறம் ஒழுங்கா அடைச்சுக்கலாம்" என்றேன். சொன்னது நான்தான். வெண்டல் அல்ல.

குளிர் வெளியே போகாமலிருக்க, கதவுகளில் தடித்த பிளாஸ்டிக் கண்ணாடிகளை அவன் திருகாணி போட்டு இறுக்கினான். இறக்க முடியாத கண்ணாடிகள்.

முதல் நாள் ஓபல் அந்தக் குளிர்காற்றில் முகத்தை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். "வெண்டல், உன்னை இவ்வளவு நாள் தப்பா நினைச்சுட்டேன்."

"என்னன்னு?"

"ஒண்ணுக்கும் உதவாதவன்னு."

அவன் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது.

தினமும் இருவரும் காரில் சுற்றப் போனார்கள். ஒரு வாரத்தில் ஓபலுக்குத் தலைவலி ஆரம்பித்தது. வீடு திரும்பினால் சோபாவில் விழுந்து தூங்கினாள். நோய் முற்றுகிறது என்று எல்லோரும் நினைத்தோம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதட்டிப் பேசத் தெரியாத வெண்டல் ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு என் மேல் ஸ்பேனரை எறிந்தான். இன்னொரு நாள் கடைக்குப் போக நான் அந்தக் காரில் ஏறினேன். இருபது நிமிடத்தில் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. குனிந்து பார்த்தபோது டேப்பின் ஓரம் சற்றுத் தூக்கியிருந்தது, சுற்றிலும் கருப்பாக இருந்தது. விரலால் துடைத்து பேன்ட்டில் தேய்த்துவிட்டு மறந்துபோனேன். வெயில்தான் என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் சான் டியேகோவுக்குக் கிளம்பினார்கள். நான் பஸ் ஷெட்டுக்குப் போனேன். பதினோராவது பஸ்ஸை ஓட்டும் மார்லிஸ், வண்டியில் ஏறினாலே தலை வலிக்கிறது என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். ஓட்டுநர் இருக்கையருகே இருக்கும் எஞ்சின் மூடியைத் திறந்தேன். அடியில் புகை உள்ளே வராமல் அடைக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. கிழிசலைச் சுற்றிப் புகைக்கரி. தொட்டுப் பார்த்தேன்.

என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெண்டலின் காரில் நான் துடைத்ததும் இதே கரிதான்.

கண்ணாடி இல்லாத வரை எஞ்சினிலிருந்து கசிந்து அந்தக் காருக்குள் வந்த புகை காற்றோடு போய்விட்டது. இப்போது நாங்களே எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம். ஏசியின் விசிறி என் துளை வழியாகப் புகையை உள்ளே இழுக்கிறது. அதிலுள்ள விஷவாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கம் மட்டும் வரும்.

வெண்டல் போனை எடுக்கவில்லை. ஓபல் எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"மலை ஏறுறோம். ஏத்தத்துல எஞ்சின் சூடாகாம இருக்க ஏசியை அணைக்கச் சொல்லி ரோட்டோரம் போர்டு வச்சிருக்கான். அதெல்லாம் கம்பெனிக் காருக்குன்னு வெண்டல் சிரிக்கிறான்." அவள் வார்த்தைகள் இழுபட்டன. "ஜில்லுனு இருக்கு ராய்ஸ். தூக்கமா வருது."

"தூங்காதே! காருக்குள்ள விஷப்புகை வருது. உடனே நிறுத்தச் சொல்லு. கதவைத் திற!"

ஓபல் ஸ்பீக்கரைப் போட்டாள். பக்கத்திலிருந்து வெண்டலின் குரல் கேட்டது. "என்னடா, பொறாமையா?"

"டேய், நிறுத்துடா!"

"வெளியே நூத்துப் பதினாலு டிகிரி. நடுரோட்டுல இறக்கினா இவ கால் போயிடும். மேலே காத்து குளிரும், அங்க நிறுத்துறேன்."

"மேலே போய்ச் சேர மாட்டேடா!"

பதிலுக்கு நீளமான ஒரு கொட்டாவி. பிறகு லைன் அறுந்தது. அந்த மலையில் எப்போதும் அறுந்துவிடும்.

போலீசுக்குச் சொன்னேன். நீலக் கார், எட்டாம் நெடுஞ்சாலை, மேற்கே ஏறும் பாதை. அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், என்ன கம்பெனிக் கார் என்று. எந்தக் கம்பெனியும் இல்லை என்று கத்தினேன். பிறகு பஸ் படியில் உட்கார்ந்தேன். போனைக் கையில் வைத்திருந்தேன். மார்லிஸ் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தகவல் வர ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது.

நடந்ததை ஓபல் பின்னால் சொன்னாள். லைன் அறுந்ததும் அவள் தன் பக்கத்துக் கதவை ஓடும்போதே திறந்துவிட்டாள். வெண்டல் திட்டினான். திட்டு பாதியில் நின்றது. அவன் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டது. மலையேற்றம் என்பதால் கார் தானாக வேகம் தணிந்து, முன்மூக்கு ஓரத் தடுப்பில் முட்டி நின்றது. அவள் சாவியைத் திருப்பினாள். கீழே இறங்கியதும் கால் மடிந்தது. கொதிக்கிற தார்மேல் கையூன்றித் தவழ்ந்தே காரைச் சுற்றி வந்து, அவன் கதவைத் திறந்து, தலையை வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். போலீஸ்காரர் வந்தபோது அவள் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் வெண்டலைக் குழாய் மாதிரி ஒரு அறைக்குள் படுக்கவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் பேரனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினான். நான் அன்றுதான் தூங்கினேன்.

ஆனால் டாக்டர் எச்சரித்திருந்தார், சிலருக்குச் சில வாரம் கழித்துத்தான் மூளையில் தெரியும் என்று. நாலாவது வாரம் வெண்டல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கென்று தெரியாமல் நின்றான். பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மகளின் பெயர் ஒரு நாள் வந்தது, மறுநாள் வரவில்லை. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள்.

செப்டம்பரில் ஒருநாள் அவர்கள் சமையலறையில் ஓபலிடம் சொன்னேன். "அந்தத் துளை நான் போட்டது. டேப் போதும்னு சொன்னதும் நான்தான். கரியைப் பார்த்தும் விட்டுட்டேன்."

பக்கத்து அறையில் வெண்டல் எதையோ தேடி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"தன்னாலதான் நான் சாகப் பாத்தேன்னு ராத்திரி அழறான்" என்றாள். "காலையில மறந்துடறான். ராத்திரி மறுபடி ஞாபகம் வந்துடுது."

"நான் அவன்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. தினமும் வந்து சொல்லு. ஒரு தடவை சொன்னா அவன் மனசுல நிக்காது."

அன்று அவனிடம் சொன்னேன். கேட்டான், என் தோளைத் தட்டினான், மறுபடி இழுப்பறையைத் திறந்தான். மறுநாளும் போனேன்.