கனகவல்லியின் முந்நூறு தட்டுகள்

1984 மாசி மாதம் பதினான்காம் திகதி முற்பகல், முந்நூறு இசைத்தட்டுகள் தொழிற்சாலையிலிருந்து லண்டன் மனோர் பார்க் வீட்டில் வந்து இறங்கியபோது, கனகவல்லியின் குரல் அவளை விட்டு அந்தத் தட்டுகளுக்குள் போயிற்று. மத்தியானம் அவள் அடுப்படியில் நின்று சீனி கேட்டு வாயசைத்தாள். சத்தம் வரவில்லை. முன்னறையில் அடுக்கியிருந்த பெட்டிகள் சீனி கேட்டன. தட்டுகள் விற்றுப்போன பிறகு அவள் கேட்கும் சீனி ரெய்னர்ஸ் லேனிலும் ஆர்ச்வேயிலும் தட்டு வாங்கியவர்களின் வீடுகளில் கேட்டது. பிறகு வந்த படத்தைப் பார்த்தவர்கள் இதை வேறுவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

அந்த வீட்டில் உடன்பிறந்த மூவர் இருந்தார்கள். மூத்தவர் அம்பலவாணன், ஊரில் தபாலதிபராக இருந்தவர், லண்டனிலும் கழுத்துப் பட்டி கட்டாமல் வாசலுக்கு வந்ததில்லை. அடுத்தவர் யோகராஜா. கடைசி கனகவல்லி, முப்பத்திரண்டு வயது, இன்னும் கலியாணமாகவில்லை. யோகராஜா ஓர் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை செய்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டுகளை அங்கே முதன்முதலாகக் கேட்டபோது, மொழி முழுதாக விளங்காமலே, இது எங்கட ஒப்பாரியல்லோ என்று நினைத்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு லண்டனில் இருந்த தமிழரில் பலருக்கு அழுவதற்கு ஆள் இருந்தது, உடல் இருக்கவில்லை. உடல் இல்லாமல் ஒப்பாரி சொல்வது வழக்கமில்லை. சாவில்லாத வீட்டில் அதைப் பாடினால் சாவை வாசலுக்கு அழைத்ததாகும் என்பார்கள். அதனால் அவர்கள் அழாமல் வேலைக்குப் போய்வந்தார்கள். அவர்களுக்காகவே யோகராஜா ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். ஒப்பாரியைத் தட்டில் பதித்தவர்களில் அவரே முன்னோடி என்று பிறகு எழுதினார்கள். பாடினவள் கனகவல்லி.

உறை அச்சுக்குப் போகுமுன் அம்பலவாணன் அதை வாங்கிப் பார்த்தார். கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணின் பெயரை ஒப்பாரித் தட்டில் போடுவது எந்தக் குடும்பத்துக்கும் அடுக்காது. செத்த பெண்ணைப் பற்றி எவரும் விசாரிக்கமாட்டார்கள் என்று எண்ணி, அவரே பேனையை எடுத்துத் தங்கை பெயரை வெட்டி, 'பாடியவர்: காலஞ்சென்ற கமலாம்பிகை' என்று எழுதினார். அப்படி ஒருத்தி இருந்ததில்லை. அவர் செய்தது குடும்பத்துக்காக. அச்சு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் வருடங்களில் தொலைபேசி ஓயவில்லை. "அம்பலவாணன் அண்ணை, உங்கட தங்கச்சிக்குப் பல்லுக்கொதியாம். அலுமாரிக்குள்ள கிடந்து அனுங்கிறா, பிள்ளையளுக்குப் படிக்க ஏலாமல் கிடக்கு." அம்பலவாணன் நன்றி சொல்லிவிட்டுக் கிராம்பு எடுத்துக் கொடுப்பார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் கூச்ச சுபாவம் என்று சொல்லப்பட்டது. மூன்று வரன்கள் வந்து பலகாரம் சாப்பிட்டுப் போயின. நான்காவது வரவில்லை. பிறகு கசெட் வந்தது, சீடீ வந்தது. தட்டுகளை மக்கள் வெயிலில் வைத்து வளையவிட்டார்கள், வீடு மாறும்போது குப்பையில் போட்டார்கள். ஒவ்வொரு தட்டு உடைந்தபோதும் அவள் குரல் ஒரு பிடி மெலிந்தது. 1994இல் ஒரே ஒரு தட்டு மிஞ்சியிருந்தது. அது ஆர்ச்வேயில் செபஸ்தியாம்பிள்ளையிடம் இருந்தது. அவருடைய மகன் கஸ்பர் அந்த ஆடிக் கலவரத்தில் வெலிக்கடைப் பக்கம் போனவன், உடல் கிடைக்கவில்லை. பத்து வருடமாக அந்தத் தட்டுத்தான் அவனுக்காக அழுதது.

அந்த வருடம் சென்னையிலிருந்து வந்து லண்டனில் இருந்த நிர்மலா என்ற பெண், அந்த நிறுவனத்தின் கதையைப் படமாக எடுக்க வந்தாள். அவளுக்குப் பாடகியைப் பற்றித்தான் கேள்வி. "கமலாம்பிகை அம்மா எப்படி இறந்தாங்க சார்?" அம்பலவாணன், "ஏதோ காய்ச்சல் வருத்தம் வந்து," என்றார். அன்று பின்னேரம் கனகவல்லி ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தாள். 'படத்திலையாவது என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. குரல் போயிட்டுது, பேரும் போகவேணுமோ?'

"பத்து வருஷம் ஊரை ஏமாத்தின குடும்பம் எண்டு சொல்லுவினம்," என்றார் அம்பலவாணன்.

"ஊர் சொன்னால் சொல்லட்டும் அண்ணை. அவள் உயிரோட இருக்கிறாள்," என்றார் யோகராஜா.

"எனக்குத் தெரியும்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

படப்பிடிப்பு அந்த வீட்டின் முன்னறையிலேயே நடந்தது. செபஸ்தியாம்பிள்ளை தட்டை எவரிடமும் கொடுக்காமல், ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கமலாம்பிகையாக நடித்தவள் வாயசைக்க நின்றாள், ஊசியை வைத்தார்கள். ஒப்பாரி வரவில்லை. நூலிழை போன்ற ஒரு குரல், "அண்ணை, நான் இஞ்ச உங்களுக்குப் பின்னால நிக்கிறன். என்ர பேரை ஒருக்காச் சொல்லுங்கோவன்," என்றது. அறையில் இருந்த இருபது பேரும் திரும்பினார்கள். அடுப்படி வாசலில் கனகவல்லியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"சார், இது யாரோட குரல்?" என்றாள் நிர்மலா.

அம்பலவாணன் எழுந்து நின்றார். முதுகு வளையவில்லை. "தட்டில கீறல். ஊசியை எடுங்கோ," என்றார்.

அவர் குரலில் இருந்த அதிகாரத்துக்கு படக்குழுப் பையன் பதறிப்போய் ஊசியில் கையை வைத்தான். தட்டு தரையில் விழுந்து இரண்டாயிற்று. கனகவல்லியின் உதடுகள் அதன் பிறகும் சிறிது நேரம் அசைந்தன. செபஸ்தியாம்பிள்ளை குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். "உம்மட மானம் தப்பியிட்டுது தம்பி," என்றார். "என்ர பெடியனுக்கு இனி ஆர் அழுகிறது?"

படம் வெளிவந்தது. அதில் கமலாம்பிகை மழைநாளொன்றில் அழகாகச் செத்துப்போனாள். மனோர் பார்க்கில் மூன்று வருடம் கனகவல்லியின் சத்தம் எங்கும் இல்லை, யாருடைய அலுமாரியிலும் இல்லை. அம்பலவாணன் அவள் கேட்குமுன் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து அவள் கைக்கெட்ட வைப்பார். அவள் அவர் முகத்தைப் பாராமல் போட்டுக்கொள்வாள்.

1997 ஐப்பசியில் அவர் இருதயம் நின்று காலமானார். மேசை இழுப்பறையில் அவருடைய மரண அறிவித்தல் அவர் கையெழுத்திலேயே இருந்தது. நாலாக மடித்த அந்தப் பழைய தாளின் மறுபக்கத்தில் எழுதியிருந்தார். திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மேலே, 'ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது' என்று யோகராஜாவுக்குக் கட்டளை. யோகராஜா மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை வந்தது. கனகவல்லி அடுப்படியில் நின்று அதைப் படித்தாள். மற்ற அறையில் இருந்த யோகராஜாவுக்கு அவள் படித்தது கேட்டது. "யோகராஜா, ஒப்பாரித் தட்டில் பாடிய பாடகி கனகவல்லி ஆகியோரின் பாசமிகு மூத்த சகோதரரும்..." அவர் எழுந்து வந்து, தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார். "ஓம். சீனி காணாமப் போடாதை," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, உடல் முன்னறையில் கிடக்க, வழக்கப்படி அவள் தலைமாட்டில் இருந்து பாடினாள். முதலில் அண்ணனுக்கு. பிறகு வாசலில் நின்ற செபஸ்தியாம்பிள்ளையைப் பார்த்துவிட்டு, கஸ்பரின் பேர் சொல்லி அவனுக்கும். பதின்மூன்று வருடத் தேய்மானம் குரலில் அப்படியே இருந்தது. ஊசி வைத்ததுபோல முதலில் ஓர் இரைச்சல் வரும், கீறல் விழுந்த இடத்தில் அதே அடி மூன்று முறை திரும்பும். குருக்கள் அது தாண்டும்வரை தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.