படத்துக்கு ஏழு ஓட்டை

திருப்புளி என்பது பட்டப்பெயர்; அவளுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஊருக்கே தெரியும். படம் விழவில்லை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், "மூடியைக் கழட்டாம எடுத்தா உங்க மாமனாரா வந்து தெரிவாரு?" என்று கேட்டுவிடுவாள். ஆனாலும் வருவார்கள். மின்சாமான் கடையின் ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, இருபது சின்னத் திருப்புளிகள், அறுபத்தொரு வயது. பழைய ஃபிலிம் கேமராவைப் பிரித்துப் பூட்ட அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

அதனால்தான் நகர ஆவணக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. கண்காட்சியில் ஒரு கேமராவை வைக்கப்போகிறார்களாம், அட்டையில் மாடல் எழுத வேண்டுமாம், மேல்தகட்டில் எழுத்து தேய்ந்து போயிருக்கிறதாம். "வந்து பார்த்துச் சொல்ல முடியுமா மேடம்?" என்று காப்பாளர் கேட்டார். சின்ன வயசுக் குரல். திருப்புளி நாலு கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

காப்பகத்தின் நீள அறையில் படங்களை மாட்டி முடித்திருந்தார்கள். அவள் முதல் படத்திலேயே நின்றுவிட்டாள்.

கழிப்பறைக்குள் ஒரு பெண். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, 'பார்த்தியா எங்க லட்சணத்தை' என்பதுபோல் சிரிக்கிறாள். பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு வாசலில் பத்தொன்பது நாள் உட்கார்ந்தபோது எடுத்தது. முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எடுத்தவள் திருப்புளி. கீழே அச்சாகியிருந்த பெயர் அவளுடைய அண்ணனுடையது.

அடுத்த படத்துக்கும் அண்ணன் பெயர். அதற்கடுத்ததற்கும் அதே. பன்னிரண்டு படமும் அவள் கண்ணால் பார்த்து, அவள் விரலால் அழுத்தியவை. பன்னிரண்டுக்கும் கீழே அண்ணன். 'உழைக்கும் பெண்களுக்குத் தோள் கொடுத்து நின்ற கலைஞர்' என்று வாசலில் ஒரு பெரிய அறிமுகம் வேறு. தோள் கொடுத்தாராம்!

அண்ணனும் அவளும் சேர்ந்துதான் ஒரு காலத்தில் ஸ்டூடியோ நடத்தினார்கள். அவள் விலகியபோது நெகட்டிவ் எல்லாம் அலமாரியில் இருந்தது. பிறகு கேட்டதற்கு, "எல்லாத்தையும் கரையான் அரிச்சிடுச்சும்மா, அள்ளிக் குப்பையிலே கொட்டினேன்" என்றான். அன்று இரவு முழுக்க அவள் அழுதாள். பிள்ளை போன வீடு மாதிரி அழுதாள். அந்தக் கரையான் இப்போது சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, ஆணியில் மாட்டியிருக்கிறது.

"மேடம், இதுதான் அந்தக் கேமரா" என்றார் காப்பாளர். முப்பது வயது இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். "இந்தப் படங்களை எல்லாம் இதிலேதான் எடுத்தாராம்."

"யார் சொன்னது?"

"சாரேதான்."

கேமரா பளபளவென்று இருந்தது. பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டுத் தேய்த்து எழுத்தையே அழித்து வைத்திருந்தான் அந்த மகாராசன். திருப்புளி பல்லைக் கடித்துக்கொண்டு பின்மூடியைத் திறந்தாள். ஃபிலிமில் வெளிச்சம் விழுகிற ஜன்னலை அளந்தாள். ஒருமுறைக்கு இருமுறை அளந்தாள். கோபத்தில் அளந்தது தப்பாகிவிடக் கூடாதே.

"இதிலே ரெண்டு மாடல் வந்துச்சு" என்றாள். "வெளியே பார்த்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். முதல் மாடல்லே படம் கொஞ்சம் குட்டையா விழும். ஃபிலிம் ஓரத்துலே ஓட்டை இருக்குதே, அதுலே ஏழு ஓட்டைக்கு ஒரு படம். லேப்காரங்க எல்லாரும் திட்டினாங்கன்னு ரெண்டாவது மாடல்லே எட்டு ஓட்டைக்கு ஒரு படம்னு மாத்திட்டாங்க. இது ரெண்டாவது மாடல். எழுதிக்குங்க."

காப்பாளர் எழுதிக்கொண்டார்.

"நெகட்டிவ் இருக்கா?"

"ஒரு பெட்டி நிறைய கொடுத்திருக்கார். பன்னிரண்டு மட்டும்தான் இதுவரைக்கும் பிரிண்ட் போட்டிருக்கோம்."

"கொண்டாங்க."

வெளிச்சப் பெட்டியின் மேல் ஒரு துண்டை வைத்தாள். ஆறு படம் கொண்ட துண்டு. "எண்ணுங்க" என்றாள். காப்பாளர் பென்சில் முனையால் எண்ணினார். ஏழு. அடுத்த படம், ஏழு. அவர் நிமிர்ந்து பார்த்தார். வேறு ஒரு துண்டை எடுத்து எண்ணினார். ஏழேதான்.

"அப்படின்னா இந்தக் கேமரா..."

"இந்தக் கேமராவுக்கும் இந்தப் படங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதை எடுத்த கேமரா என் வீட்டுப் பீரோவுலே இருக்கு. எடுத்தவ உங்க முன்னாலே நிக்கிறேன்."

காப்பாளர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் உள்ளே வந்தான். மறுநாள் திறப்பு விழா. மாட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறான். புதுச் சட்டை, தலைக்கு மை. தங்கையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். சமாளிப்பதில் அவன் என்றைக்குமே கெட்டிக்காரன்.

"அட, நீயா! நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா."

"எதுக்கு? கரையானுக்கு மாலை போடவா?"

"எதுக்கு எடுத்த எடுப்பிலேயே சத்தம் போடறே? நாலு பேர் இருக்கிற இடம்."

"ஒருத்தர்தான் இருக்காங்க. அவங்களுக்கும் தெரியட்டும்."

காப்பாளர் ஓட்டைக் கணக்கைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணன் சிரித்தான். "ஓ, கேமரா மாறிப்போச்சா! வயசாச்சில்லே. எடுத்தது அந்த இன்னொண்ணுலே. தங்கச்சிகிட்டே இரவல் வாங்கியிருந்தேன்." அப்படியே அவள் பக்கம் திரும்பி, வாய் கூசாமல் கேட்டான்: "அதைக் கொஞ்சம் கொடேன்மா. ரெண்டு மாசம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே இருந்துட்டு வரட்டும்."

படத்தைத் தின்றவன் கேமராவுக்கும் கை நீட்டுகிறான்!

"பொம்பளைங்க கக்கூஸுக்குள்ளே நீ எப்படிண்ணே போனே?"

"எல்லாரும் கூப்பிட்டாங்க, போனேன். போராட்டம்னா அப்படித்தான்."

"கூப்பிட்டாங்களா? உன்னையா?"

காப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை நம்புவது என்று அவருக்குப் புரியவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. சாருடைய பெயர் அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. பெட்டி சார் கொடுத்தது. இவள் மாடல் பார்க்க வந்த மெக்கானிக். "எழுத்துலே ஏதாவது ஆதாரம் இருந்தா, மேடம்..." என்று இழுத்தார்.

எழுத்திலா? அன்றைக்கு யார் எழுதி வைத்தார்கள்? 'அண்ணனை விட்டுக் கொடுத்துடாதே, வாயைத் திறக்காதே' என்று அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சியதை எந்தக் காகிதத்தில் காட்டுவது? திருப்புளி பெட்டியை இழுத்து, ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணில் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். அண்ணன் கவலையே படவில்லை. அவனுக்கு நெகட்டிவ் பார்க்கத் தெரியாது. வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கிற முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல அவனுக்கு வரவே வராது; இருட்டறை வேலை முழுக்க அவள்தான் செய்தாள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்தான் கொடுத்திருப்பான். அந்தத் தைரியத்தைத்தான் அவள் நம்பினாள்.

பதினேழாவது துண்டில் கிடைத்தது.

"இதைக் கணினியிலே பெரிசாக்கிக் காட்டுங்க" என்றாள்.

திரையில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் படம் விழுந்தது. ஆறு படங்கள். முதல் மூன்றும் சுவரில் தொங்குகிறவை: தரையில் உட்கார்ந்த பெண்கள், தூக்குவாளியில் சோறு, ஒருத்தியின் மடியில் தூங்கும் பிள்ளை. நாலாவது படம் தொழிற்சாலைக் கேட்டின் கம்பி வழியாக எடுத்தது. கம்பிக்கு உள்பக்கம் மேனேஜர். மேனேஜர் பக்கத்தில், அவர் நீட்டிய கை காட்டும் திசையில் குறி பார்த்துக்கொண்டு, மேஜை மேல் இருக்கிற இதே கேமராவோடு, இருபத்தெட்டு வயசு அண்ணன்.

காப்பாளர் திரையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தலைக்கு மை போடலாம், மூக்கை மறைக்க முடியாதே.

"சார், இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "அது... தங்கச்சி எடுத்திருக்கும்" என்றான். உடனே, "அது ஒண்ணு மட்டும்" என்றான்.

"ஒரே துண்டு சார்" என்றார் காப்பாளர் மெதுவாக. "வெட்டவே இல்லை. சுவர்லே இருக்கிற மூணும் இதுலேதான் இருக்கு."

"உள்ளே நின்னு என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு சொல்லுண்ணே" என்றாள் திருப்புளி. "சொல்ல மாட்டே. நான் சொல்றேன். முகம் முகமா எடுத்துக் கொடுத்தே. அதை வெச்சுத்தான் பதினொரு பேரை அடையாளம் கண்டு வேலையை விட்டுத் தூக்கினாங்க. கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு நிக்கிறாளே, அவதான் முதல் ஆள். அவ சிரிப்புக்குக் கீழே உன் பேரைப் போட்டுக்கிட்டியே, உனக்கு சோறு எப்படிண்ணே இறங்குது?"

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். குழைந்த குரலில் ஆரம்பித்தான். "நடந்தது நடந்து போச்சும்மா. நாளைக்கு ஊரே வருது. பேரன் பேத்தி எல்லாம் வருது. ரெண்டு பேர் பேரையும் போட்டுடச் சொல்லலாம். ஒரே ரத்தம்தானே? என் பேரை அடியோட எடுத்துடாதே."

காப்பாளர் அவளைப் பார்த்தார். இந்தமுறை அந்தப் பார்வை மெக்கானிக்கைப் பார்க்கிற பார்வையாக இல்லை. "எப்படிப் போடலாம், மேடம்? நீங்க சொல்றபடி அட்டையை மாத்திடறேன்."

திருப்புளி கருவிகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பன்னிரண்டுக்கும் கீழே என் பேரைப் போடுங்க. பதிமூணாவதா இந்தக் கேட்டுப் படத்தையும் மாட்டுங்க. எடுத்தது நான்னு போடுங்க. அண்ணன் பேரை எடுக்க வேணாம், பாவம், ஆசைப்படுறார். அதுலே போடுங்க. 'இடமிருந்து வலம்: மேனேஜர்'னு எழுதி, பக்கத்துலே அவர் பேரு."