அக்காவுக்கு முதலில்

பயில்வானின் தோள், காரில் குழந்தைகளைக் கட்டி உட்காரவைக்கிற சீட்டின் வாரைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னது அவன் அக்கா சிட்டுதான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா அவனுக்கு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சீட்டிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, தம்பிக்கு வார் தோளுக்குக் கீழேருந்து வருது. மேல மாட்ட இனிமே ஓட்டையே இல்ல."

"நேரமாச்சுடா கண்ணு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். காதில் சரியாக விழாத மாதிரி நடந்துகொண்டாரே தவிர, அவருக்கும் அது கொஞ்ச நாளாகவே தெரியும்.

சிட்டுக்கு ஏழு வயது, பயில்வானுக்கு ஐந்து. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி இருந்தாள் என்று ஆசையாக வைத்த செல்லப் பெயர் சிட்டு. தம்பி கொழுகொழுவென்று வந்து பிறந்ததால் பயில்வான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது வெளியாட்கள் முன்னால் அவளை அப்படிக் கூப்பிட அப்பாவுக்கு நா எழுவதில்லை. தம்பி அவளை உயரத்தில் எப்போதோ தாண்டிவிட்டான். அவனுக்குச் சின்னதாய்ப் போன சட்டைகளை அவளுக்கு எடுத்து வைக்கலாமா என்று அம்மா ஒருநாள் யோசித்து, பாதியில் அழுதுவிட்டாள்.

சிட்டுவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். "குறைன்னு ஒண்ணும் இல்லம்மா. சில பிள்ளைங்க மெதுவாத்தான் வளருவாங்க. பொறுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். போகும்போதெல்லாம் அதையேதான் சொன்னார்.

அப்பாவுக்கு வாஷிங் மெஷினும் பிரிட்ஜும் பழுது பார்க்கிற வேலை. பின்பக்கத்தைக் கழற்றினால் போதும், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஓடாது என்கிற மெஷினை அவர் இதுவரை பார்த்ததில்லை.

சிட்டுவின் வகுப்பில் எல்லோரும் பூஸ்டர் சீட்டுக்கு மாறிவிட்டார்கள். குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தி உட்காரவைக்கிற சீட் அது. தோளில் இரண்டு வார், காலிடுக்கில் ஒரு வார் என்று கட்டிப்போடுகிற வேலை இல்லை. பெரியவர்கள் போடுகிற காரின் பெல்ட்டையே போட்டுக்கொள்ளலாம். அவள் கேட்டு அழுதபோது அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்: "அக்காவுக்குத்தான் முதல்ல. அதுக்கப்புறம்தான் தம்பிக்கு." அன்றைக்கு அது சுலபமான வாக்காகத்தான் இருந்தது.

"அவன் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே உட்காரட்டுமே. என்ன ஆகிடப்போகுது?" என்றாள் அம்மா, சமையலறையில் குரலைத் தணித்து.

"ஆச்சுன்னா? அவன் பிள்ளை இல்லையா?"

"நான் அப்படியா சொன்னேன்? அவகிட்ட என்னன்னு சொல்றது, அதச் சொல்லுங்க."

அதோடு பேச்சு நின்றுபோனது.

அந்த வாரமே முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, அப்பா பிரேக்கை அழுத்தி மிதித்தார். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது பயில்வானின் தோளில் வார் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை கடைக்குப் போயிடலாங்க" என்றாள்.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. பயில்வானை உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டிக் காட்டினாள். அது தோளின் நடுவிலும் தொடையின் மேலும் அளவெடுத்த மாதிரி படிந்தது.

"எனக்கு வேணாம். அக்கா உட்காரட்டும்" என்றான் அவன்.

சிட்டு அதற்காகவே காத்திருந்தவள் போல ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் அவள் கழுத்தை உரசிக்கொண்டு போனது. கடைக்காரப் பெண் முதுகுச் சாய்வை இறக்கினாள், வேறு சீட் கொண்டுவந்தாள், அதற்கும் சின்னதாக இன்னொன்று. எதிலும் பெல்ட் தோளுக்கு இறங்கவில்லை.

"அடியில ஒரு மெத்தை போட்டா?" என்றார் அப்பா. "இல்ல, இங்க ஒரு கிளிப் போட்டு இழுத்தா? நானே செஞ்சிடுவேன்."

"அதெல்லாம் செய்யாதீங்க சார். வண்டி இடிச்சா அதுவே எமனாயிடும். பாப்பாவுக்கு எடையும் பத்தாது. இப்ப இருக்கிற சீட்டுதான் அவளுக்கு நல்லது."

சிட்டு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டாள். "இப்படிப் பிடிச்சுக்கறேன்பா. வழி முழுக்க விடவே மாட்டேன். கை வலிச்சாலும் விடமாட்டேன்."

அம்மா போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். போன் அடிக்கவே இல்லை. அப்பா கடைக்காரப் பெண்ணைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். கொஞ்ச தூரம்தானே, மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம் என்று ஒரு நிமிஷம் அவருக்கே தோன்றிவிட்டது. தோன்றிய வேகத்திலேயே மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவளைத் தூக்கிக் கீழே இறக்கினார். அவள் அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருப்பார். அவள் அழவில்லை.

ஒரு பூஸ்டர் சீட் மட்டும் வாங்கினார்கள். திரும்பும்போது பயில்வானுக்கு ஜன்னல் வழியே தெரு முழுவதும் தெரிந்தது. "ஐயோ, எவ்ளோ தெரியுது!" என்று கத்தியவன், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை சிட்டு தன் சீட்டில் தானே ஏறி, வாரைத் தானே மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துத் தெரு வந்ததும், "கேட் கிட்ட நிறுத்தாதப்பா. மரத்துகிட்டயே இறங்கிக்கறோம்" என்றாள்.

"ஏன்டா?"

"சும்மாதான்."

அவர் மரத்தடியில் நிறுத்தினார். பின்கதவைத் திறந்து, அவள் வாரைக் கழற்றக் குனிந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் எப்பப்பா மாறுவேன்?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்டா."

"டாக்டரும் இதேதான் சொல்றாரு" என்றாள். அதில் கோபம் இல்லை. அவருக்கு ஒரு தகவல் சொல்வது போலச் சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு இறங்கித் தம்பியின் கையைப் பிடித்தாள். வண்டி ஏதும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, தன்னைவிட உயரமான தம்பியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு இருந்தது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. வழியை மறித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது உறைக்க, அவர் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.